பெண் வீட்டார் ஏன் அழுதார்கள்

சோம்பேறிகளால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடப்பார்கள். ஆபத்தெல்லாம் சும்மா உட்காரத் தெரியாதவர்களால் வருவது. டீ ஆறட்டும் என்று காத்திருக்க முடியாமல் எழுந்து போய் அலமாரியை ஒழுங்குபடுத்தி, அதற்குள் டீ ஆடை கட்டி, அதை மறுபடி சுட வைத்துவிட்டு ஜன்னலைத் துடைக்கப் போய், கடைசியில் பாத்திரத்தைத் தீய்த்துவிட்டு வந்து நிற்பார்களே, அந்த ரகம் நான். இந்த ரகத்தின் கையில் ஒரு சான்றிதழும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது அரோமாதெரபி சான்றிதழ். வாசனை எண்ணெய்களைக் கொண்டு மனசையும் உடம்பையும் சரிசெய்யும் வித்தை. கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு குன்னூர் வீட்டில் கிடந்த காலம் அது. வெளியே மழை, உள்ளே நான். ஜன்னலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். "ஏதாச்சும் படியேன் ரூபி. நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் அம்மா. அதனால் இணையத்தில் சேர்ந்து படித்தேன்.

படித்தேன் என்றால், வீடியோக்களின் வேகத்தைக் கூட்டி வைத்து ஓட்டினேன். லாவெண்டர் முடிந்தது, எலுமிச்சைப் புல் முடிந்தது. கடைசியில் 'பாதுகாப்பு' என்று ஒரு பாடம் வந்தது. அதை இருப்பதிலேயே அதிக வேகத்தில் வைத்தேன். வீடியோவில் சொல்லிக்கொடுத்த பெண்மணியின் குரல் அணில் கத்துகிற மாதிரிக் கேட்டது. 'கலக்காமல் பூசக் கூடாது', 'சின்னக் குழந்தைகள்', 'கண்', 'விழுங்கினால் விஷம்' என்று நடுநடுவே சில சொற்கள் வந்து விழுந்தன. உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது நீலகிரித் தைலம். குன்னூர்க்காரியான எனக்கு எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இவர் நீலகிரித் தைலத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று ஒரு திமிர்.

திமிருக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் தைலம் என்பது மருந்து என்பதைவிடப் பழக்கம். சளி பிடித்தால் தைலம், பஸ்ஸில் வாந்தி வந்தால் தைலம், தரை துடைக்கிற தண்ணீரில் தைலம், புதுத் தட்டில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டின் பசை போகத் தைலம், சட்டையில் தார் ஒட்டினாலும் தைலம். மலைக்குக் கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் திரும்பிப் போகும்போது கையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பாவிட்டால் அது ஏதோ சண்டை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் தைலத்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. அதற்குக் காரணம் தைலத்தின் நல்ல குணம் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா எப்போதும் ஒன்றிரண்டு சொட்டோடு மூடியைத் திருகி, பாட்டிலை மேல் தட்டில் எட்டாமல் வைத்துவிடுவார் என்பதை நான் கவனித்ததே இல்லை.

இந்த நிலையில்தான் அக்காவின் கல்யாணம் வந்தது.

அக்கா பியூலா பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை எட்வின் ஈரோட்டுக்காரர், வங்கியில் வேலை. பெரியவர்கள் பார்த்து முடிவு செய்ததுதான் என்றாலும், அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் கேட் ஓரத்தில்தான் செல்போன் சிக்னல் கிடைக்கும். அந்த மார்கழிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்று அவள் சிரித்துச் சிரித்துப் பேசியதைத் தெருவே பார்த்தது.

கல்யாணத்தில் ஒரே ஒரு சிக்கல், எட்வினின் அம்மா. கெட்டவர் இல்லை, பயந்தவர். எட்வினுக்கு முன்பு ஒரு இடத்தில் நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தது. அந்த நிச்சயத்தன்று பெண் அழுதுகொண்டே இருந்திருக்கிறாள். பெற்றவர்களைப் பிரியப்போகிற அழுகை என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பிறகுதான் அவளை மிரட்டி உட்கார வைத்தது தெரியவந்தது. "அந்தப் புள்ள அழுதப்பவே நான் கேட்டிருக்கோணும். கேக்காம உட்டுட்டனுங்க" என்று எங்கள் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டார். அதனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாலுமே உனக்கு இஷ்டந்தானே அம்மிணி?" என்று கேட்பார். அக்காவும் அலுக்காமல் "இஷ்டந்தானுங்கத்தை" என்பாள். கடைசியாக வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "சர்ச்சுல உன்ற கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா நான் பையனக் கூட்டிட்டுக் கெளம்பிருவேன். உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். (சிரித்தேன் என்று எழுதவே இப்போது கை கூசுகிறது.)

கல்யாணம் ஜனவரியில். முந்தின நாள் சர்ச்சை அலங்கரிக்கப் போனபோது உள்ளே ஒரே ஈர நாற்றம். மழைக்காலம் முழுக்க ஊறிய மர பெஞ்சுகள், ஊதிப்போய்த் திறக்கவே முடியாத ஜன்னல்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வரப்போகும் ஈரோட்டு ஜனங்கள் இந்த நாற்றத்திலா உட்கார வேண்டும்? எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சான்றிதழுக்கு வேலை வந்துவிட்டது.

"ஒரு துணியில ரெண்டு சொட்டு ஊத்தி ஓரமா வையி, போதும்" என்றார் அம்மா.

"இவ்ளோ பெரிய சர்ச்சுக்கு ரெண்டு சொட்டா? நான் இதப் படிச்சிருக்கேம்மா."

என்னிடம் இருந்த, வாசனை பரப்பும் கருவி படுக்கை ஓரத்தில் வைக்கிற சின்ன மண் விளக்கு அளவுதான் இருக்கும். சர்ச்சுக்குப் பெரிதாக ஏதாவது வேண்டும். சமையல்காரர் டீக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த, குழாய் வைத்த பெரிய எலெக்ட்ரிக் பாய்லர் கண்ணில் பட்டது. ஆராதனை முடியும்வரை அதற்கு வேலை இல்லை. கல்யாணத்தன்று காலையில், யாரும் வருவதற்கு முன்னால் அதை உள்ளே இழுத்துவந்து, தண்ணீர் நிரப்பி, அதில் தைலத்தை ஊற்றினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள். பாட்டில் காலியாகிவிட்டதால் நிறுத்தினேன். பிளக் பாயிண்ட் இடப்பக்கத் தூணுக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது, அதனால் பாய்லரும் அங்கே. மூடியைத் திறந்து வைத்து, முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்தேன்; சுவிட்சை ஆராதனைக்குச் சற்று முன்னால் போட்டேன். எங்கள் சர்ச்சில் இடப்பக்கம் பெண் வீட்டார் உட்காருவது வழக்கம். வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், அந்தப் பக்கத்துக் கதவு தாமதமாக வருகிறவர்களுக்காகத் திறந்தே இருக்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற நிதானம் எனக்கு அன்றைக்கு இல்லை. பிறகு வந்தது, ரொம்பப் பிறகு.

அடுத்தது அக்கா. தலையில் நெட்டு முக்காடு போட்டு வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தவள் பூங்கொத்தின் ரிப்பனை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பதற்றம் குறைய மணிக்கட்டில் தேங்காய் எண்ணெயில் கலந்த தைலத்தைப் பூசலாம் என்று நான் ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தேன். ஆனால் ஜனவரி மாதக் குன்னூரில் தேங்காய் எண்ணெய் எப்படி இருக்கும்? கல் மாதிரி உறைந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு துளி இறங்கவில்லை. அடுப்பில் காட்டி உருக்க நேரமோ பொறுமையோ இல்லை. கலக்காமல் தோலில் பூசக் கூடாது என்ற அணில் குரல் மட்டும் எங்கேயோ கேட்டது. சரி, தோலில்தானே கூடாது என்று அவளுடைய கைக்குட்டையில் இன்னொரு பாட்டிலிலிருந்து தைலத்தை நன்றாகவே தெளித்துப் பூங்கொத்தோடு சேர்த்துக் கையில் கொடுத்தேன்.

"அப்பப்ப மோந்துக்கோ, மனசு லேசாயிரும்" என்றேன்.

முதல் பாட்டு வரைக்கும் எல்லாம் பிரமாதம். உள்ளே நுழைந்தவர்கள் மூச்சை இழுத்து, "அட, வாசம் நல்லாருக்குதே" என்றார்கள். நான் தூணுக்கும் வாசலுக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டு வரும்போது பாய்லர் கொதிக்க ஆரம்பித்தது.

முதலில் முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்தார். பெற்ற மனசு என்று நினைத்தேன். அடுத்து அப்பா. தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற நாளில்கூட முகம் மாறாத மனிதர், மூக்கை உறிஞ்சினார். பிறகு சித்தப்பா, சித்தி, மாமா வீட்டார் என்று அழுகை வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அக்கா வேலை பார்க்கும் பள்ளியின் டிரைவர், அவளை வாரத்தில் ஐந்து நாள் வேனில் ஏற்றி இறக்கியதைத் தவிர எந்த உறவும் இல்லாதவர், அவரும் கன்னம் நனைய நின்றார். வலப்பக்கம் ஈரோட்டு ஜனங்கள் வறண்ட கண்ணோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று போதகர் வழக்கமான அறிவிப்பைப் படித்தார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா எழுந்து நின்றார். வெளியே போய்க் காற்று வாங்கலாம் என்று கிளம்பியவர், மொத்த சர்ச்சும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இருமி, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொல்ல வந்தீங்க?" என்று போதகர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா" என்று அழுதுகொண்டே சொன்னார் சித்தப்பா.

அக்காவுக்கும் கண் எரிந்திருக்கிறது. துடைத்துக்கொண்டாள். எதால்? நான் கொடுத்த கைக்குட்டையால். அதோடு எரிச்சல் கூடியது, மறுபடி துடைத்தாள், இன்னும் கூடியது. நெட்டுக்குள் அவள் முகம் சிவந்து, தோள் குலுங்குவதைத் தூணருகில் நின்று பார்த்தேன். பாவி, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அக்காவுக்கு இவ்வளவு உருக்கமா என்றுதான் தோன்றியது.

உறைத்தது ஒரு இருமலில். சித்தப்பா மகளின் கைக்குழந்தை, தூணுக்கு அடுத்த பெஞ்சில் இருந்தது. அது இருமியது. சாதாரண இருமல் இல்லை, மூச்சு வாங்கி வாங்கி இருமியது. அந்தக் கணத்தில் அணில் குரல் சரியான வேகத்துக்கு இறங்கி, என் காதில் தெளிவாகப் பேசியது. சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது, அவர்களின் மூச்சுக்கு ஆகாது. ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி, அதன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வலப்பக்கக் கதவு வழியாக வெளியே ஓடினேன். குளிர் காற்று பட்டதும் இருமல் மெல்ல நின்றது. குழந்தை என்னைப் பார்த்து மூக்கைச் சுருக்கியது. மறுபடி உள்ளே ஓடி, பிளக்கைப் பிடுங்கி, ஆவியில் விரலைச் சுட்டுக்கொண்டு, பாய்லரை மூடி நிமிர்ந்தால் எல்லோரும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்வினின் அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷமுங்க. கோவிச்சுக்காதீங்க. ஏற்கெனவே ஒருக்கா பட்டாச்சுங்க. அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க."

போதகர் தலையசைத்தார். அவர் நேராக அக்காவிடம் போய், நெட்டை ஒதுக்கி, முகத்தைப் பார்த்தார். அக்காவின் கண் இரண்டும் வீங்கித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மிணி, பயப்படாதே. இஷ்டமில்லீன்னா சொல்லு. உன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

அக்கா பேச முயன்றாள். தொண்டையில் இருந்து இருமல்தான் வந்தது. பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். எட்வினின் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். அங்கே எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் அழுதுகொண்டிருந்தது.

"ஒரு குடும்பமே அழுகுதுங்க ஐயா. எனக்கு மனசு கேக்கலீங்க. எட்வினு, வாடா போலாம்."

அக்கா எட்வினின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச முடியாத அவள் முகத்தில் அப்போது இருந்த பயத்தை நான் மறக்கவே மாட்டேன். அவளுக்குப் பிடித்த மனிதர், அவள் கண்ணெதிரிலேயே, நான் ஊற்றிய தைலத்தால் போகப் பார்க்கிறார்.

"தைலமுங்க" என்றேன் தூணுக்குப் பின்னாலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். பாய்லரின் பக்கத்தில், நனைந்த சேலையோடு, சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான்தானுங்க இதுல தைலம் ஊத்துனேன். நல்ல வாசம் வரட்டும்னு. அக்கா கைக்குட்டையிலயும் நான்தான் தெளிச்சேன். யாரும் அழுகலீங்க. எல்லாருக்கும் கண்ணு எரியுது, அவ்வளவுதானுங்க."

யாரும் நம்பவில்லை. "பாவம், தங்கச்சி அக்காளுக்காகப் பேசுது" என்று ஈரோட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது. எட்வினின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. ஒரு மனுஷி தன் தப்பைச் சர்ச்சில் எல்லோர் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டும் அதை நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்றால் என்ன செய்வது?

எட்வின்தான் செய்தார். அக்காவின் கையில் இருந்த கைக்குட்டையை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். பிறகு, அந்த நல்ல மனுஷன், அதைத் தன் இரண்டு கண்ணிலும் வைத்து நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் முகம் கோணியது, கண் சிவந்தது, தண்ணீர் கொட்டியது.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணத்துல முழு இஷ்டமுங்க" என்றார் எட்வின், தாரை தாரையாக அழுதபடி. "ஆனா கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது."

முதலில் சிரித்தது போதகர். அதன் பிறகு சர்ச்சே சிரித்தது, எங்கள் பக்கம் அழுதுகொண்டே சிரித்தது. எட்வினின் அம்மா கைக்குட்டையை வாங்கித் தூரத்தில் பிடித்து மோந்து பார்த்து, தொடர்ந்து தும்மினார். இரண்டு பக்கத்து ஆம்பளைகளும் சேர்ந்து ஊதிப்போன ஜன்னல்களைத் தோளால் முட்டித் திறந்தார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் போதகர் உடை மாற்றும் வெஸ்ட்ரி அறையில் வைத்துக் குளிர்ந்த தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு, மறுபடி அழைத்துவந்து நிறுத்தினோம். போதகர் சம்மதமா என்ற கேள்வியைக் கேட்டார். அக்கா கரகரத்த குரலில், ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்கிற மாதிரி, "சம்மதம்" என்றாள். தாலி கட்டும்போது இருவருக்கும் கண் கோவைப்பழமாக இருந்ததால் இன்றுவரை அந்த ஆல்பத்தை யாரும் விருந்தாளிகளுக்குக் காட்டுவதில்லை.

எனக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சமையல்காரர் அதே பாய்லரை இழுத்துப் போய், "தண்ணி ஏற்கெனவே சூடா இருக்குது, நல்லதாப் போச்சு" என்று டீத்தூளைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். விழுங்கினால் விஷம். பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு அந்தப் பாய்லரில் யாருக்கும் டீ கிடைக்கவில்லை. தண்ணீரைக் கொட்டிய பிறகும் அதை நம்பாமல் பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன். ஈரோட்டு ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அக்கா ஈரோட்டுக்குக் கிளம்பினாள். காரில் ஏறப்போனவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்வினின் அம்மா சட்டென்று இறங்கிவந்து அவள் முகத்தை நிமிர்த்தினார்.

"இது தைலமா, நெசமா?"

"நெசமுங்கத்தை" என்றாள் அக்கா.

"அப்படின்னா அழுதுக்க. நாங்க மெதுவாப் போலாம்" என்று சொல்லிவிட்டு அவர் காரின் மேல் சாய்ந்து காத்திருந்தார். அவசரமே படாமல் நின்ற அந்த அம்மாவைப் பார்த்து, எனக்கும் அப்படி நிற்க வராதா என்று ஏக்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பங்களிலும் யார் கண் கலங்கினாலும் அந்தக் கேள்விதான். சீரியல் பார்த்து அம்மா அழுதால், "தைலமா, நெசமா?" எட்வின் மாமாவுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனபோது, "தைலமா, நெசமா?" அக்கா மகளுக்கு இன்னும் பேச்சு சரியாகத் திருந்தவில்லை. அவளும் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால், நாங்கள் கேட்பதற்கு முன்னால், "நெசம்" என்று சொல்லிவிட்டுத்தான் அழவே ஆரம்பிப்பாள். சர்ச் கமிட்டியில் பாய்லரைப் பற்றித் தீர்மானமே போட்டிருக்கிறார்கள் என்று சித்தப்பா சொல்கிறார். நான் விசாரிக்கப் போகவில்லை.

போன வருடம் நான் உள்ளூரில் பார்த்த இன்னொரு வேலையையும் விட்டேன். இந்த முறை விட்டது நான் இல்லை, அவர்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கேட் ஓரத்தில் நின்று அக்காவிடம் போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், வேலை நன்றாகப் போகிறது என்றும் சொன்னேன். நடுவில் அத்தை போனை வாங்கினார். எட்வினின் அம்மாவை நானும் இப்போது அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன்.

"என்ன அம்மிணி, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"சளிங்கத்தை. இங்க ஒரே குளிரு."

அத்தை அங்கே டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"தைலமா, நெசமா?"

"தைலந்தானுங்கத்தை" என்று சொல்லிச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் குன்னூர் பஸ் நிலையத்தில் இருந்து அத்தையின் போன் வந்தது. கொண்டை ஊசி வளைவில் மறுபடியும் வாந்தி எடுத்ததாகவும், யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும் என்றும் சொன்னார்.